இறுக்க இறுக்க ஒழுகும்

ஒரு ஷவர் குழாயைத் தண்ணீர் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. வடபழனியில் நூறடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மூன்று மாடி அடுக்கு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது மாடிக் குளியலறை. மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து ஷவர் காக் வரை செங்குத்தாக 6 மீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையை ஏற்றும். 6 மீட்டருக்கு 600 கிராம். காக்கினுள்ளே வாஷர் அடைக்க வேண்டிய ஓட்டையின் விட்டம் சுமார் 12 மி.மீ. அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆக, வாஷரை எதிர்த்து நிற்பது 700 கிராம் சுமை.

இனி நம் கை. பிடியின் விளிம்பில் 2 கிலோ அளவுக்கு விசை கொடுக்கிறோம். இது பெரிய பலமில்லை, பள்ளிக்கூடப் பிள்ளையாலும் முடியும். பிடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது விரல் 19 சென்டிமீட்டர் நகர்கிறது. மரையில் ஏறிய ஸ்பிண்டில் முன்னேறுவதோ 2 மி.மீ.தான். அந்த வித்தியாசம்தான் திருகின் லாபம். உராய்விலேயே ஐந்தில் நாலு பங்கு போய்விட்டது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், மிச்சம் இருபது மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். 2 கிலோ கை, வாஷரின் முதுகில் கிட்டத்தட்ட 40 கிலோவாக இறங்குகிறது.

எழுநூறு கிராமை நிறுத்த நாற்பது கிலோ! அப்படியும் ஷவர் சொட்டுகிறது. என்றால் குறை பலத்தில் இல்லை. ஆனாலும் காக் ஒழுக ஆரம்பித்ததும் வீட்டில் ஒவ்வொருவரும் போய்த் தங்கள் பங்குக்கு ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் வருவார்கள். பிளம்பர் வருவதற்குள் பாதிக் குழாயை வீட்டுக்காரர்களே முடித்துவைத்திருப்பார்கள்.

குறை இருப்பது இடுக்கில். இரண்டு தட்டையான பரப்புகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சந்தில் தண்ணீர் போகும் விதத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. சந்து பாதியானால் ஒழுகல் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிறது. வாஷருக்கும் அது உட்காரும் பித்தளை சீட்டுக்கும் நடுவே சுற்றிலும் 20 மைக்ரான் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய கால்வாசி. மேலே சொன்ன 6 மீட்டர் அழுத்தத்தில் அது நாளொன்றுக்கு 80 லிட்டர் விடும். 10 மைக்ரான் ஆக்கினால் 10 லிட்டர். 2 மைக்ரானுக்கு இறக்கிவிட்டால் நாளுக்கு அரை டம்ளர்கூட வராது. வருவதும் காற்றிலேயே உலர்ந்துவிடும். குழாய் மூடுவது என்றால் இதுதான். சந்தை இல்லாமல் செய்ய யாராலும் முடியாது. கணக்கில் வராத அளவுக்குக் குறுக்கலாம்.

பித்தளையைப் பித்தளையோடு எவ்வளவு அழுத்தினாலும் இது நடக்காது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகம் மைக்ரான் அளவில் மேடு பள்ளமாக இருக்கும். அதனால் ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் வளைந்துகொடுக்கும் பொருள் என்ற ஏற்பாடு வந்தது. 1839-ல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தக் கண்டுபிடித்தார். 1844-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அதை ஒட்டி 1845-ல் இங்கிலாந்தின் ரோதர்ஹாம் நகரில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பட்டறை, திருகி மூடும் குழாயைக் காப்புரிமையோடு செய்ய ஆரம்பித்தது. வீட்டுக் குழாயின் வம்சம் அங்கிருந்து தொடங்குகிறது. பச்சைத் தண்ணீர்க் குழாய்களுக்குத் தோல் வாஷரும் வெகுகாலம் போட்டார்கள். சென்னைத் தெருக்களில் அடிபம்பு அடித்த தலைமுறைக்குத் தோல் வாஷரைச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. வெப்ப அளவுக்குத் தன் பெயரையே கொடுத்த கெல்வின் பிரபுகூடத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு காப்புரிமை வைத்திருந்தார். ஒழுகும் குழாய் அவரையும் விட்டுவைக்கவில்லை போலும்.

ரப்பர் அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும். ஆனால் எப்போதும் அப்படி இராது. நாளெல்லாம் நாற்பது கிலோவை முதுகில் சுமந்து கிடந்தால், உள்ளே சங்கிலி சங்கிலியாகப் பின்னிக் கிடக்கும் மூலக்கூறுகள் அந்த நிலைக்கே பழகிவிடும். பழைய இலவம்பஞ்சு மெத்தையில் படுத்த இடம் பள்ளமாகவே நின்றுவிடுவதுபோல. மெட்ரோ வாட்டரில் கலந்த குளோரினும் கீசரின் சூடும் அந்தச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் விறைத்து, ஓரத்தில் வெடிப்பு விடும். அதிகமாக இறுக்கிய வாஷர் சீக்கிரம் சாகிறது என்பதற்கு இதுதான் காரணம். இன்று மூடுவதற்குக் கால் சுற்றுக் கூடுதலாகத் தேவைப்பட்டால், அடுத்த மாதம் அரைச் சுற்றுத் தேவைப்படும்.

இத்தனையும் எந்த ஊர்க் குழாய்க்கும் பொருந்தும். வடபழனிக்கென்று ஒன்று உண்டு, தண்ணீர். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே இருக்கும் இந்தப் பகுதியில் ஒரே தொட்டிக்குள் மூன்று தண்ணீர் போகும்: மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். ஸ்டூடியோக்களும் தோட்டம் வைத்த தனி வீடுகளுமாக இருந்த இடமெல்லாம் அடுக்கு வீடாகி, கிணறு தூர்ந்து, போர் ஆழமாகிக்கொண்டே போனது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்கிறது. குளிக்கிற தண்ணீரை யாரும் அளப்பதில்லை. சோப்பு நுரைக்கவில்லை, பக்கெட்டில் வெள்ளைப் படலம், ஷவர் முகத்தில் பாதி ஓட்டை அடைப்பு. வீட்டுக்காரர்களுக்கு இதுவே போதுமான ஆய்வுக்கூடம்.

மண்ணுக்குள் இருக்கும்போது போர் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அதன் தயவில்தான் சுண்ணாம்பும் பைகார்பனேட்டாகக் கரைந்து நிற்கிறது. மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றித் தொட்டியில் கொட்டியதும் அந்த வாயு கிளம்பிவிடும். கரைத்து வைத்தவன் போனபின் சுண்ணாம்பு தனியே பிரிந்து, தொட்ட இடத்தில் கல்லாகப் படியும். சூடு இதை இன்னும் விரைவாக்கும். உப்பும் சர்க்கரையும் சுடுதண்ணீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு, சூடேற ஏறக் கரைதிறன் குறையும். கீசரின் சுருளில் கல் பிடிப்பது இதனால்தான். ஷவர் மிக்சரில் பெரும்பாலும் சுடுதண்ணீர்ப் பக்கம் முதலில் கெடுவதும் இதனால்தான்; அங்கே ரப்பரும் முன்னதாக விறைக்கிறது, கல்லும் முன்னதாகப் படிகிறது.

வாஷருக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு சுண்ணாம்புப் பொருக்கு மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அதன் பக்கத்தில் ஒரு சிறு வழி திறந்தே இருக்கும். 6 மீட்டர் உயர நீரின் அழுத்தம் அந்த ஒற்றைச் சந்து வழியே பீறிடும்போது வேகம் வினாடிக்குப் பத்து மீட்டரை எட்டலாம்; ஸ்கூட்டர் வேகம். இதில் தொட்டி அடி மணலும் சேர்ந்தால் பித்தளை அறுபடும். இராப்பகலாக மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அறுத்து, சீட்டின் விளிம்பில் மெல்லிய வாய்க்கால் ஒன்றை வெட்டிவிடும். அதற்குப்பின் வாஷரை மாற்றிப் பயனில்லை. புது வாஷர் போட்டு இரண்டு வாரத்தில் மறுபடி சொட்டினால், ஆள் சரியில்லை என்று பிளம்பரை மாற்றுவதற்கு முன் சீட்டைப் பார்க்க வேண்டும்.

குமரன் காலனியில் ஒரு வீட்டில் இதைப் பிரித்துப் பார்க்கிற வாய்ப்புக் கிடைத்தது. வீட்டு அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. வந்த பிளம்பர் கருவிப் பையைக் கீழே வைக்குமுன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா, இந்த லைனுக்கு கேட் வால்வ் எங்க இருக்கு?"

"மேல மொட்டை மாடியில இருக்குப்பா. அதைத் தொட்டே வருஷக்கணக்கு ஆச்சு. திரும்புமோ என்னமோ."

திரும்பவில்லை. கேட் வால்வின் உள்ளே இருப்பது மேலும் கீழும் போகும் ஒரு பித்தளைப் பலகை. திறந்தே கிடந்ததில் அது போகும் பள்ளத்தில் சுண்ணாம்பு இறுகிப்போயிருந்தது. பாதிதான் இறங்கியது. கடைசியில் தொட்டியின் வெளிவாயிலைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, கீழ் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு லைனைக் காலி செய்தார். ஷவர் ரிப்பேரில் நேரம் போவது இப்படித்தான். வருஷத்துக்கு இரண்டு தரம் அந்த வால்வை மூடித் திறந்து வைத்தால் இந்தப் பாடு இல்லை. இப்போது கட்டும் வீடுகளில் பால் வால்வ் போடுகிறார்கள். கால் திருப்பில் மூடும், சுண்ணாம்பு உட்கார இடமும் குறைவு.

பிறகு பிடியின் நடுவில் இருந்த மூடியைக் கத்தி முனையால் நெம்பி, உள்ளிருந்த ஸ்க்ரூவைக் கழற்றினார். பிடி வரவில்லை. பச்சைக் களிம்பேறி ஸ்பிண்டிலோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றி, இரண்டு பக்கமும் மெல்லத் தட்டித்தான் எடுக்க முடிந்தது. அலங்காரத் தட்டைத் திருகி எடுத்ததும் டைல்ஸுக்குள் புதைந்திருந்த பித்தளை நட்டு தெரிந்தது. பெட்டி ஸ்பேனரைக் கொடுத்து அதைத் தளர்த்தி ஸ்பிண்டிலை வெளியே இழுத்தார். நுனியில் வாஷர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நடுவில் சீட்டின் வட்டம் ஆழமாகப் பதிந்து, ஒரு பக்கம் சதை பிய்ந்து, கறுப்பாக விரலில் ஒட்டியது. டார்ச் அடித்துச் சீட்டைக் காட்டினார். பளபளப்பான வளையத்தில், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற ஒரு கோடு. சீட் கட்டர் என்ற சிறு கருவியை மரையில் ஏற்றி, பல் பதிய நாலைந்து சுற்றுச் சுற்றினார். பித்தளைத் தூள் மின்னிக்கொண்டு வந்தது. கோடு போயிற்று. கோடு இன்னும் ஆழமாக இருந்திருந்தால் காக்கின் உடலையே மாற்ற வேண்டும். அதாவது டைல்ஸை உடைக்க வேண்டும். அந்த நிறத்தில் டைல்ஸ் இனிக் கிடைக்காது என்பது அந்த அம்மாவின் கவலை. நியாயமான கவலை.

இங்கே ஆசிட்டைப் பற்றி ஒன்று. கல்லைக் கரைக்கக் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுபவர்கள் உண்டு. சுண்ணாம்பு பொங்கிக் கரையும், உண்மை. கூடவே குரோம் பூச்சு பொத்தலாகி, அடியிலுள்ள பித்தளையும் அரிக்கப்படும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். இரவெல்லாம் ஊறவிட வேண்டும். பித்தளைக் குடம் துலக்கும் புளி இதற்கு உதவாது. புளியின் டார்டாரிக் அமிலம் பித்தளை மேலுள்ள கறையை எடுப்பதில் கெட்டி. சுண்ணாம்போடு சேர்ந்தாலோ எளிதில் கரையாத இன்னொரு உப்பாகி அங்கேயே உட்கார்ந்துவிடும்.

புது வீடுகளில் இந்த வாஷர் கதை பெரும்பாலும் கிடையாது. கால் சுற்றில் மூடும் காக்கைத் திறந்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதனுள் இரண்டு வெள்ளைப் பீங்கான் வில்லைகள், அலுமினியம் ஆக்சைடில் செய்தவை. கெம்பும் நீலமும் இதே பொருளின் படிகங்கள்தான். மோ அளவுகோலில் கடினம் 9, மணல் 7, சுண்ணாம்புக் கல் 3. மைக்ரான் கணக்கில் தட்டையாகத் தேய்த்து மெருகேற்றியவை என்பதால் ரப்பர் இல்லாமலே ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கும். இரண்டிலும் ஓட்டைகள் உண்டு. ஒன்றுக்கு நேர் ஒன்று வந்தால் தண்ணீர், விலகினால் நிறுத்தம். இதில் இறுக்குவதற்கு எதுவுமே இல்லை. கால் சுற்று முடிந்த இடத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது. அதற்குமேல் முறுக்கினால் உடைவது அந்தத் தடுப்பு, அல்லது பிடி ஏறும் பல் சக்கரம். பிடி சும்மா சுற்றுகிறது, தண்ணீர் நிற்கவில்லை என்று வருகிற புகார்களில் இந்தப் பல் தேய்ந்த கேஸ் ஏராளம்.

பீங்கான் தேயாது, ஆனால் அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அது விறைக்கும். தொட்டி கழுவிய மறுநாள் கிளம்பும் மணல் ஓட்டையின் ஓரத்தில் சிக்கி வில்லையைச் சில்லு பெயர்க்கும். கழற்றிய கார்ட்ரிட்ஜைக் கையோடு ஆற்காடு சாலைக் கடைக்கு எடுத்துப் போவது நல்லது. பெயர் சொல்லி வாங்கினால் நீளம் சரியாக இருக்கும், பல் எண்ணிக்கை மாறிவிடும். பல் சரியாக இருந்தால் இடம் வலம் மாறிவிடும். சுடுதண்ணீர்ப் பக்கத்துக்கும் பச்சைத் தண்ணீர்ப் பக்கத்துக்கும் சில கம்பெனிகள் எதிரெதிராகத் திரும்பும் கார்ட்ரிட்ஜ் போடுகிறார்கள்.

பிளம்பரைக் கூப்பிடுமுன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: ஒழுகுவது காக்தானா? காக்கை மூடியபின்னும் ஷவர் முகத்துக்குள் தண்ணீர் நிற்கும். ஒரு மில்லிமீட்டர் ஓட்டையின் வாயில் நீரின் மேற்பரப்பு இழுவிசை ஒரு சவ்வாக நின்று, ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைக் கீழே விடாமல் தாங்கும். மேல் வழியாகக் காற்று புக முடியாத வரை மிச்சமும் இறங்காது. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஓர் ஓட்டை வழியே காற்றுக் குமிழ் உள்ளே நுழைந்தால், பக்கத்து ஓட்டை வழியே தண்ணீர் திடுமெனக் கொட்டும். நடுராத்திரியில் ஷவர் தானாகக் கொட்டுகிறது என்று பயந்தவர்கள் உண்டு. முகத்தைச் சாய்த்து அசைத்து வடித்துவிட்டு, அடியில் ஒரு டம்ளரை வைத்துவிடுங்கள். காலையில் டம்ளர் நிரம்பி வழிந்தால் காக்கின் குறை. அடியில் கொஞ்சம் நின்றால் அது முகத்தில் மிஞ்சியது, காசு செலவில்லை.

இதே துளிகளை எண்ணியே ஒரு இயக்கம் நடத்தியவர் ஆபித் சுர்தி. இந்தியில் எழுதும் எழுத்தாளர், பஹதூர் படக்கதையை உருவாக்கியவர். 2007-ல், தனக்குக் கிடைத்த இலக்கியப் பரிசுப் பணத்தைக் கொண்டு, மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பிளம்பரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றித் தந்தார், இலவசமாக. முதல் வருஷம் 1,666 வீடுகள், 414 குழாய்கள், 4.14 லட்சம் லிட்டர் மிச்சம் என்பது அவர் தரப்புக் கணக்கு. வினாடிக்கு ஒரு துளி சொட்டினால் மாதம் ஆயிரம் லிட்டர் என்பது அதன் அடிப்படை. அந்த ஆயிரம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப்படுகிறது. அரை இன்ச் குழாய் வாயில் தொங்கக்கூடிய துளி 0.2 மில்லிலிட்டரைத் தாண்டுவது கஷ்டம். மாதத்துக்கு 26 லட்சம் வினாடி. பெருக்கினால் 500 லிட்டர்தான் வருகிறது. ஆனால் மாதக்கணக்கில் விட்ட குழாய் வினாடிக்கு ஒரு துளியோடு நிற்காது, நூலாக ஓட ஆரம்பித்திருக்கும். முன்னே போட்ட 20 மைக்ரான் கணக்கில் அது மாதம் 2,400 லிட்டர். எனவே சுர்தியின் எண்ணோடு சண்டைக்கு நிற்பதில் பொருளில்லை.

சென்னைக்கு வேறொரு அளவுகோல் இருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டபோது, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நாளுக்கு 80 லிட்டர் ஒழுகும் ஷவர்கள் 31,250 இருந்தால் ஒரே நாளில் அந்த ரயில் காலி. இந்த ஊரின் வீடுகளோடு ஒப்பிட்டால் 31,250 பெரிய எண்ணே அல்ல.

புது வாஷரோ கார்ட்ரிட்ஜோ மாட்டியபின் ஒரு வேலை மிச்சமிருக்கிறது, அவசரத்தில் பலர் கெடுப்பதும் இதைத்தான். ஓடும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால் அதன் வேகம் அழுத்தமாக மாறி, அலையாகக் குழாய்க்குள் முன்னும் பின்னும் அடிக்கும். மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898-ல் நிக்கோலாய் ஜூகோவ்ஸ்கி இதற்குச் சூத்திரம் கொடுத்தார். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைச் சட்டென்று மறித்தால், இரும்புக் குழாயில் 120 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம் ஒரு கணம் எழும். பிளாஸ்டிக் குழாய் விரிந்துகொடுப்பதால் அதில் மூன்றில் ஒரு பங்கு. காலி லைனில் வால்வை முழுக்கத் திறந்துவிட்டால், காற்றைத் துரத்திக்கொண்டு வரும் தண்ணீர் மூடிய காக்கில் மோதுவதும் இந்த அடிதான். அதனால் ஷவர் முகத்தைக் கழற்றி வைத்து, காக்கைத் திறந்தபடி விட்டு, மாடியில் இருப்பவரிடம் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொல்ல வேண்டும். முதலில் காற்று சீறும், பிறகு பழுப்புத் தண்ணீர், பித்தளைத் தூள், வெள்ளைப் பொருக்கு எல்லாம் வரும். ஒரு பக்கெட் பிடித்துக் கீழே கொட்டி, தெளிந்தபின் காக்கை மூடிப் பார்த்துவிட்டு, முகத்துக்கு நாலு சுற்று டெஃப்லான் டேப் சுற்றி மாட்டலாம்.